முப்பத்திரண்டாவது கையெழுத்து

தப்பால் பை மேசைமேல் வந்து விழுந்த வேகத்தில் தேத்தண்ணிக் கோப்பை உருண்டு, சீமெந்துத் தரையில் விழுந்து உடைந்தது. பிரியந்தி கையிலிருந்த கொப்பியைச் சட்டென்று மூடினாள்.

மூக்கன் வாசலிலேயே நின்றார். மழைக்கோட்டிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. பிறந்ததிலிருந்து இந்த இருபத்தேழு வருஷத்தில் அப்பா அந்தப் பையை எறிந்து அவள் பார்த்ததில்லை. வீட்டுக்கு வந்ததும் பழைய துண்டால் துடைத்து ஆணியில் மாட்டுவார். தன் காலைக் கழுவுவது அதற்குப் பிறகுதான்.

"போஸ்டாபீஸ் அம்மா கேக்குறாங்க. 'மூக்கன், லயத்துக்கெல்லாம் நம்பர் வருதாமே, இனிமே நீங்க வர மாட்டீங்களாமே, ஒங்க மகதானே செய்யுது'ன்னு. நான் பல்லக் காட்டிக்கிட்டு நின்னேன்."

பிரியந்தி குனிந்து கோப்பைத் துண்டுகளைப் பொறுக்கினாள்.

"சொல்லணும்னுதான் இருந்தேன்ப்பா."

"எப்ப? நம்பர் அடிச்சு முடிச்ச பொறகா?"

அடுப்படியிலிருந்து அம்மா நாகலெட்சுமி எட்டிப் பார்த்தாள். "மூணு கோப்பை இருந்துச்சு. இப்ப ரெண்டு. இன்னைக்கி யாரு தேத்தண்ணி குடிக்கப் போறதில்லன்னு முடிவு பண்ணிட்டு அப்பறம் சண்ட போடுங்க."

இரண்டு பேரும் சிரிக்கவில்லை. மூக்கன் காலைக்கூடக் கழுவாமல் பின்பக்கம் போய்விட்டார்.

மூடிய கொப்பிக்குள் முப்பத்தொரு கையெழுத்து இருந்தது. மேட்டு லயத்தில் முப்பத்திரண்டு காம்பரா. ஒரே கூரையின் கீழ் வரிசையாக ஒட்டிக்கொண்டிருக்கும் வீடுகள். ஒரு கதவு, ஒரு ஜன்னல், எதற்கும் இலக்கம் கிடையாது. கடிதம் எழுதுகிறவர்கள் பெயரையும் டிவிஷனையும் தோட்டத்தையும் எழுதுவார்கள். தோட்டத்துத் தப்பால்காரரான மூக்கன் தினமும் டவுனுக்கு நடந்து போய் மொத்தத்தையும் பையில் வாங்கி வந்து தோட்டத்து ஆபீஸ் மேசையில் கொட்டுவார். ஆபீஸ் கடிதங்களைக் கிளாக்கர் எடுத்துக்கொண்டு, மிச்சத்தை நேரம் கிடைக்கும்போது திருப்பிக் கொடுப்பார். அன்றைக்கே கிடைப்பதும் உண்டு, பத்து நாள் கழித்துக் கிடைப்பதும் உண்டு. மூக்கனுக்கு வாசிக்கத் தெரியாது. வழியில் போகிற பள்ளிக்கூடப் பிள்ளையை நிறுத்திப் பெயரை வாசிக்கச் சொல்லிக் கேட்டு, வாசல் வாசலாகக் கொடுப்பார்.

போன வருஷம் எஸ். நிலக்ஷி என்று ஒரு பதிவுத் தபால் வந்தது. அந்த லயத்தில் எஸ். நிலக்ஷி இரண்டு பேர். ஒருத்திக்கு இருபது வயது, தாதிப் பயிற்சிக்கு விண்ணப்பித்துவிட்டுக் காத்திருந்தவள். இன்னொருத்திக்கு ஏழு வயது. பிள்ளை பெயரை வாசித்த நேரத்தில் சின்ன நிலக்ஷியின் அம்மா ஜீவராணி பீலியில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தாள். மூக்கன் அவள் கையில் கொடுத்துவிட்டார். இரண்டாம் வகுப்பு படிக்கும் தன் பிள்ளைக்கு அரசாங்க முத்திரையோடு கடிதம் வந்துவிட்டது என்று ஜீவராணிக்குப் பெருமை தாங்கவில்லை. கவரைக் கிழிக்க மனம் வராமல், மஞ்சள் தடவிச் சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைத்துவிட்டாள். பதினாறு நாள் கழித்துப் படத்தைத் துடைக்கும்போது கீழே விழுந்தது. நேர்முகப் பரீட்சை முடிந்து ஐந்து நாள் ஆகியிருந்தது. பெரிய நிலக்ஷி இப்போது கொழுந்து பறிக்கிறாள்.

அந்த மாதம்தான் பிரியந்தி ஹட்டனில் நடந்த இளைஞர் தலைமைத்துவப் பயிற்சியில் சேர்ந்தாள். பகலில் பிள்ளைக்காம்பராவில், வேலைக்குப் போகும் தாய்மார்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்பவள். பயிற்சி ஒரு சனி விட்டு ஒரு சனி, ஆறு மாதம். இருபத்தெட்டுப் பேர், தூரத்து டயகமவிலிருந்துகூட விடியற்காலை பஸ் பிடித்து வந்தார்கள். முதல் நாள் எழுந்து நின்று பெயர் சொல்லச் சொன்னபோது அவளுக்குக் குரல் வரவில்லை, பக்கத்திலிருந்தவள்தான் சொன்னாள். சொல்லிக்கொடுத்த றோசலின் மிஸ் சத்தம் போடாதவர். கொழுந்து பறித்த கையோடு பள்ளிக்கூடம் போனவர் என்பதை அவரே சொன்னார், ஒரு தகவலைப்போல. அன்றைக்கு அவர் ஆளுக்கொரு கடித உறை கொடுத்து, அவரவர் விலாசத்தை எழுதித் தபாலில் போடச் சொன்னார். டவுன் பிள்ளைகளுக்கு இரண்டு நாளில் போய்ச் சேர்ந்தது. பிரியந்திக்குப் பன்னிரண்டாம் நாள் வந்தது, அதுவும் அவள் அப்பாவே சுமந்து வந்த பையில்.

எந்த ஆபீசில் எதைக் கேட்பது, கேட்டதை எப்படி எழுத்தில் வாங்குவது, கூட்டத்தில் ஒருவன் கத்தினால் எப்படி அவன் கத்தி முடியும்வரை காத்திருப்பது என்று ஆறு மாதம் போனது. கடைசியில் ஒவ்வொருவரும் தங்கள் ஊருக்கு ஒரு காரியம் செய்து காட்ட வேண்டும். பிரியந்தி கதவு இலக்கம் என்று எழுதிக் கொடுத்தாள். தபால் கந்தோரில் சம்மதித்தார்கள். பிரதேச சபையில் மூன்று முறை அலைய விட்டுச் சம்மதித்தார்கள். தோட்டத்தை நடத்தும் தொரை மட்டும் ஒரு நிபந்தனை போட்டார். முப்பத்திரண்டு வீடும் கையெழுத்துப் போட வேண்டும், ஒன்று குறைந்தாலும் பேச்சே இல்லை, பிறகு சண்டை சச்சரவு என்று யாரும் தன்னிடம் வரக்கூடாது. வியாழக்கிழமை கூட்டம். இன்றைக்குத் திங்கள்.

றோசலின் மிஸ் சொன்ன ஒன்றைக் கொப்பியின் முதல் பக்கத்தில் சிவப்பு மையில் எழுதி வைத்திருந்தாள். 'சம்மதிப்பவர் வீட்டுக்குக் கடைசியாகப் போங்கள். யாருக்கு நட்டமோ அவர் வாசலில் முதலில் போய் நில்லுங்கள்.' எழுதிவிட்டு நேர்மாறாகச் செய்தாள். முப்பத்தொரு வாசலில் போய் நின்றாள். தன் வீட்டு வாசலில் நிற்கவில்லை. இலக்கம் வந்தால் தபால் கந்தோரின் தபால்காரர் லயத்துக்கே வருவார். பிறகு தோட்டத்துக்குத் தப்பால்காரர் எதற்கு? ஐம்பத்தேழு வயதில், வீங்கின முழங்காலோடு அப்பா காலையில் ஆள் எண்ணும் பெரட்டில் நின்று, பேர் கூப்பிட்டதும் கத்தியை எடுத்துக்கொண்டு கணக்கப்பிள்ளை காட்டுகிற மலைக்குத் தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டப் போக வேண்டியதுதான். இது அவளுக்கு முதல் நாளிலிருந்தே தெரியும். அதனால்தான் சொல்லவில்லை.

அன்று மாலையே மிஸ்ஸுக்குப் போன் பண்ணினாள். சிக்னல் கிடைக்கிற ஒரே இடமான கோயில் மேட்டில் நின்று எல்லாவற்றையும் சொன்னாள்.

"அப்பாகிட்ட என்ன சொல்லப் போறீங்க?" என்றார் றோசலின்.

"வேலை போகாது, நான் பாத்துக்கிறேன்னு..."

"ஒங்களால காப்பாத்த முடியுமா அத?"

பிரியந்தி போனை மற்றக் காதுக்கு மாற்றினாள்.

"அப்ப சொல்லாதீங்க. மொதல்ல அவரு என்ன வேலை செய்யிறாருன்னு போயிப் பாருங்க."

"தப்பால் தூக்குறாரு மிஸ். சின்னதுலருந்து பாக்குறேன்."

"வீட்டுல இருந்துதானே பாத்திருக்கீங்க."

செவ்வாய்க்கிழமை பிள்ளைக்காம்பராவுக்கு லீவு சொல்லிவிட்டு அப்பாவோடு கிளம்பினாள். மூக்கன் வேண்டாம் என்றும் சொல்லவில்லை, வா என்றும் சொல்லவில்லை. முன்னால் நடந்தார்.

லயத்தைத் தாண்டுவதற்குள் நாலு பேர் நிறுத்தினார்கள். ஒருத்தி காலியான மாத்திரை அட்டையைக் கொடுத்தாள். ஒருவர் கிளினிக் கொப்பியைக் கொடுத்தார். மூக்கன் மேட்டு லயத்துச் சாமான்களைச் சட்டையின் இடது பையிலும் பள்ள லயத்துச் சாமான்களை வலது பையிலும் வைத்துக்கொண்டார். எதையும் எழுதவில்லை, யாரும் எதையும் இரண்டாம் முறை சொல்லவில்லை.

"என்ன மூக்கண்ணே, இன்னைக்கி அசிஸ்டென்டு கூட வருது?" என்றான் ரோட்டுத் திருப்பத்தில் புல் வெட்டிக்கொண்டிருந்தவன்.

"என் சீட்டக் கிழிக்கிற ஆளு. வேலைய ஒரு தடவ பாத்துட்டுக் கிழிக்கலாம்னு வந்திருக்கு" என்றார் மூக்கன்.

பிரியந்திக்கு முகம் சுட்டது. ஆனால் திரும்பிப் போகவில்லை. மூன்று மைல் இறக்கம். குறுக்குப் பாதையில் தேயிலை இடுப்பளவுக்கு நனைந்திருந்தது. ஒவ்வொரு படிக்கட்டிலும் அப்பா வலது காலை முதலில் வைத்து இடது காலை அதன் பக்கத்தில் கொண்டுவந்து சேர்ப்பதை அவள் எண்ணிக்கொண்டே போனாள்.

டவுனில் அவர் முதலில் போனது தபால் கந்தோருக்கு அல்ல, ஆஸ்பத்திரிக்கு. வழியில் சேர்ந்த ஆறு கிளினிக் கொப்பிகளோடு வரிசையில் நின்றார். மருந்து கொடுக்கும் ஜன்னலில் இருந்த பெண் அவரைப் பார்த்ததும், "மாமா, கருப்பாயி பாட்டிக்கு இந்த மாசம் நேர்ல வந்து பிரஷர் பாக்கணும், போன மாசமும் சொன்னேன்" என்றாள். "அடுத்த புதன்கிழம லொறியில ஏத்திக்கிட்டு வாறேம்மா" என்றார். அந்தக் கிழவிக்கு மாதாமாதம் மருந்து எப்படி வருகிறது என்று பிரியந்தி ஒருநாளும் யோசித்ததில்லை. பயிற்சியில் அவள் வரைந்த தோட்டத்து வரைபடத்தைப் பார்த்து எல்லோரும் கை தட்டினார்கள். கோயில், பீலி, பிள்ளைக்காம்பரா, வழுக்குகிற படிக்கட்டு எல்லாம் அதில் இருந்தன. நோயாளிகள் இல்லை. அப்பாவின் இடது பையும் வலது பையும் இல்லை.

திரும்பும்போது பாதி ஏற்றத்தில் மதகுக் கட்டின்மேல் உட்கார்ந்தார்கள். மூக்கன் முழங்காலைத் தேய்த்துக்கொண்டே கேட்டார்.

"எல்லாருகிட்டயும் வாங்கிட்டியா?"

"முப்பத்தொண்ணு."

"என் கையெழுத்து ஒனக்குத் தெரியுமே. நாலு எழுத்துதான். பள்ளிக்கூட ரிப்போட்டுல நீயே போட்டவதானே."

"போட்டேன். இதுல போட மாட்டேன்."

"ஏன்?"

"இது ரிப்போட்டு இல்லப்பா."

கீழே தெரிந்த ரோட்டில் ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு வளைவில் மறைந்தது.

"சரி, அப்படின்னா சொல்லு. என் வேலை என்னாகும்?"

நேற்றிரவு முழுக்க அவள் மனப்பாடம் செய்த வாசகங்கள் எல்லாம் தொண்டைக்கு வந்து நின்றன. 'தொரைகிட்டப் பேசுறேன்.' 'மிஸ் கடிதம் குடுப்பாங்க.' ஒன்றையும் அவள் வெளியே விடவில்லை.

"போகலாம்ப்பா. போகாதுன்னு நான் சொல்ல மாட்டேன். இருக்க வைக்கக் கேப்பேன். கெடைக்குமான்னு தெரியாது. ஆனா நம்பர விட மாட்டேன்."

"விட மாட்ட."

"இல்ல."

மூக்கன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்தார். பத்து அடி நடந்ததும், திரும்பாமலே சொன்னார்.

"அந்தப் பெரிய நிலக்ஷி இப்பவும் என்னப் பாத்தா மாமான்னுதான் கூப்புடுது. ஏசியிருந்தா நல்லாருக்கும்."

மிச்ச ஏற்றம் முழுக்க அவர் முன்னாலேயே நடந்தார்.

புதன்கிழமை பிரியந்தி இன்னொரு கொப்பி எடுத்தாள். மறுபடியும் முப்பத்தொரு வாசல். இந்தத் தடவை கையெழுத்து கேட்கவில்லை. அப்பா உங்களுக்கு டவுனில் என்னென்ன செய்கிறார் என்று கேட்டாள். ஒன்பது வீட்டுக்கு மருந்து. இரண்டு வீட்டுக்குக் கண்ணாடி, பல் செட்டு என்று எப்போதாவது. பள்ளிக்கூட விண்ணப்பப் படிவம். ஜீவராணி மட்டும் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"எனக்கு ஒண்ணும் வாங்கித் தர்றதில்லடி. ஆனா அந்தக் கடுதாசி விஷயத்துல எல்லாரும் என்னய ஏசுனப்ப, 'குடுத்தது நானு, அவ இல்ல'ன்னு பெரட்டுக் களத்துல நின்னு சொன்னாரு. அத எழுது."

பிரியந்தி எழுதினாள். இரண்டு பக்கக் கடிதமாக்கி, நகலுக்குக் கார்பன் வைத்து, மாலையில் தொரையின் ஆபீசுக்குக் கொண்டு போனாள். இலக்கம் வந்தாலும் தப்பால்காரர் வேலை இருக்க வேண்டும், தபால்காரரின் மோட்டார் சைக்கிள் ரோட்டு முனைவரைதான் வரும், அங்கிருந்து மேலே கொண்டு வரவும் மருந்து எடுக்கவும் ஒரு ஆள் வேண்டும் என்று எழுதியிருந்தாள். தொரை இளம் ஆள், தமிழ் நன்றாகவே பேசுவார். முதல் பக்கத்தைப் படித்துவிட்டு இரண்டாம் பக்கத்தைத் திருப்பாமல் வைத்தார்.

"மருந்து எடுக்கிறது தோட்டத்து வேலை இல்லையே மிஸ். நம்பர் வேணுமா, தப்பால்காரர் வேணுமா? ஏதாவது ஒண்ண கேளுங்க."

"ரெண்டும் வேணும் சார்."

"மொதல்ல முப்பத்திரண்டக் கொண்டு வாங்க. மத்தத அப்பறம் பாப்போம்."

"நான் குடுத்தேன்னு நகல்ல ஒரு கையெழுத்து போட்டுத் தாங்க சார்."

தொரை அவளை நிமிர்ந்து பார்த்தார். பேனாவை எடுத்தார். போட்டார்.

வியாழக்கிழமை நாலரைக்கு, கடைசிக் கொழுந்து நிறுத்து முடிந்ததும், பெண்கள் இடுப்பில் கட்டிய ரெட்டுச் சாக்கைக்கூட அவிழ்க்காமல் பெரட்டுக் களத்துக்கு வந்தார்கள். கோயிலிலிருந்து கொண்டு வந்த இரண்டு பிளாஸ்டிக் நாற்காலியில் தொரையும் போஸ்டாபீஸ் அம்மாவும் உட்கார்ந்தார்கள். பெரிய நிலக்ஷி முன் வரிசையில் தரையில் உட்கார்ந்திருந்தாள். மூக்கன் எல்லோருக்கும் பின்னால், சவுக்கு மரத்தடியில் பையோடு நின்றார்.

பிரியந்தி எழுந்து நின்றாள். பேச்சு வந்தது. எந்தக் கோடியிலிருந்து ஒன்று தொடங்கும், தகடு எந்த உயரத்தில் அடிக்கப்படும், ஒரு காம்பராவில் இரண்டு குடும்பம் இருந்தால் என்ன செய்வது என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள்.

"எட்டாம் நம்பரு எங்களுக்கு வேணாம். அது ஆகாது" என்றது ஒரு குரல்.

"அப்ப ஒனக்கு ஏழரைன்னு போட்டுருவோம்" என்றது இன்னொன்று. களமே சிரித்தது. சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்து, "எட்டாம் நம்பருக்கு நான் வாறேன், நீங்க எங்க வீட்டுக்கு வாங்க" என்றாள் பிரியந்தி. அதற்கும் சிரித்தார்கள்.

தொரை கொப்பியை வாங்கி விரலை வைத்து எண்ணினார். ஒரு பக்கம், இரண்டு பக்கம். மறுபடி முதலிலிருந்து.

"முப்பத்தொண்ணுதான் இருக்கு. பதினாலாவது காம்பரா யாரு?"

முன்னால் இருந்தவர்கள் யாரும் பின்னால் திரும்பிப் பார்க்கவில்லை.

"எங்க வீடு சார்" என்றாள் பிரியந்தி.

"ஒங்க வீட்டுலயே சம்மதம் இல்லையா?"

"எங்கப்பாதான் தப்பால்காரர். நம்பர் வந்தா அவரு வேலைதான் போகும். அத அவருகிட்ட நான் மொதல்ல போயிச் சொல்லல, எல்லாருகிட்டயும் சொல்லிட்டுக் கடைசியாத்தான் சொன்னேன். தப்பு என்னுது. அவரு போடலன்னா இன்னைக்கி இது நடக்காது, எனக்குத் தெரியும். அடுத்த மாசம் மறுபடியும் வருவேன். அதுக்கு அடுத்த மாசமும் வருவேன்."

நாகலெட்சுமி கூட்டத்துக்குள் தலையைக் குனிந்துகொண்டாள். தொரை கொப்பியை மூடப் போனார். போஸ்டாபீஸ் அம்மா கைப்பையை எடுத்து மடியில் வைத்தார்.

பின்னாலிருந்து ஆட்கள் விலகுகிற சத்தம் கேட்டது. வலது காலை வைத்து, இடது காலைச் சேர்த்து, மறுபடி வலது காலை வைத்து மூக்கன் வந்துகொண்டிருந்தார். யாரும் கை கொடுக்கவில்லை. கொடுத்தாலும் வாங்கியிருக்க மாட்டார். நிலக்ஷி உட்கார்ந்தபடியே நகர்ந்து வழி விட்டாள். மகளைத் தாண்டிப் போனவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. தொரைக்கு முன்னால் நின்று, மூடப்போன கொப்பிக்குள் கையை வைத்துத் தடுத்தார். தொரை நீட்டிய பேனாவை வாங்கி, காலியாக இருந்த பதினான்காவது வரியைத் தேடிக் கண்டுபிடித்து, அதன்மேல் முனையை வைத்தார். எழுதவில்லை. தலையை மட்டும் நிமிர்த்தினார். எல்லோருக்கும் கேட்கிற குரலில், மரியாதை ஒரு இழை குறையாமல் கேட்டார்.

"கையெழுத்துப் போட்டுர்றேன் தொரை. நாளைக்கி காலையில கவ்வாத்துக்கு எனக்கு எந்த மலைன்னு இந்தச் சனம் கேக்குற மாதிரி இப்பவே சொல்லிருங்க."